மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில் நல்லது?

ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் துரைமாரிடமும் உத்தியோகத்தர்களிடமும்தான் இருக்கும். இன்று லயத்துக்கு லயம் நிற்கிறது. ஹட்டன் டவுனுக்குப் போகவும், பிள்ளையை டியூஷனுக்கு விடவும், ராத்திரியில் காய்ச்சல்காரரை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அதுதான் துணை. பலர் லீசிங் போட்டு எடுத்த வண்டி. எஞ்சின் பழுதானால் வண்டி மூலையில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் நம்மிடம் பழைய வண்டிகளும் அதிகம். அவற்றின் ஆயுள் ஒயிலில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனால், "சிந்தெடிக் ஒயில் போடுங்க அண்ணே, எஞ்சினுக்கு ஒன்னும் ஆகாது" என்கிறார்கள். விலையோ சாதாரண ஒயிலை விட மிக அதிகம். நாள் கூலிக்காரர் அதை வாங்கத்தான் வேண்டுமா?

சிந்தெடிக் என்பது என்ன?

சாதாரண ஒயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக், இரசாயன முறையில் ஒரே சீராகத் தயாரிப்பது. கடுங்குளிரில் இறுகாது, கடும் சூட்டில் சீக்கிரம் கெடாது. இரண்டையும் கலந்தது செமி சிந்தெடிக். ஆனால் 1999இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஒயில் கம்பனிகளுக்கிடையே எழுந்த பிணக்குக்குப் பின், கச்சா எண்ணெயை மிக உயர்ந்த முறையில் பதப்படுத்தியதையும் அதே பெயரில் விற்கும் வழக்கம் வந்தது. ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

நம் குளிருக்கு அது அவசியமா? போத்தலில் 20டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் இலக்கம் குளிரில் ஒயில் ஓடும் தன்மையையும், இரண்டாவது சூட்டில் அதன் தடிப்பையும் காட்டும். 20டபிள்யூ ஒயிலை, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா என்று சோதிப்பதே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் பனி உறைந்தாலும் அவ்வளவு குளிர் இல்லை. சூடு வேறு விஷயம். இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக முதல் கியரிலேயே ஏற்றம் ஏறினால் எஞ்சின் கொதிக்கும். தினமும் அப்படி ஓடுபவருக்கு செமி சிந்தெடிக் பயன்தரும்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை

1. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன இலக்கம். ஹொண்டா, ஹீரோ வண்டிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30. பஜாஜ் வண்டிகள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50. புத்தகம் இல்லாவிட்டால் அந்த வண்டியின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள்.

2. 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற எழுத்து. மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. கார் ஒயில் சிலவற்றில் வழுக்குவதற்கென்றே மருந்து சேர்த்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கி, ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. இதைத் தடுக்கத்தான் ஜப்பானில் 1998இல் இந்தத் தரக்குறி வந்தது. 'எம்.பி.' என்பது ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும்.

3. உடைக்காத சீல். பில்லும் கேட்டு வாங்குங்கள். வெறும் போத்தலைக் கண்டபடி வீசாமல் ஓட்டை போட்டுவிடுங்கள். யாரும் அதில் கழிவு ஒயில் நிரப்பி விற்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு பேச்சுக்கு, 2,000 ரூபா ஒயில் 2,500 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 80 சதம். 4,500 ரூபா சிந்தெடிக் 4,000 கிலோமீற்றர் ஓடினால் 1 ரூபா 12 சதம். உங்கள் கடை விலையையும், புத்தகத்தில் உள்ள தூரத்தையும் வைத்து இப்படிப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சி.சி. வண்டிகளுக்கு, சரியான இலக்கமும் எம்.ஏ. குறியும் உள்ள சாதாரண ஒயிலே போதும். விலை கூடிய ஒயிலை ஊற்றிவிட்டு மாற்றாமலே ஓடுவதை விட, மலிவானதை நேரத்துக்கு மாற்றுவதே மேல். ஏற்றப் பாதையில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்குக் கொஞ்சம் முன்னமே மாற்றுவது நல்லது.

வாரம் ஒரு தடவை, சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி ஒயில் அளவைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றுங்கள். குறைந்த ஒயிலோடு ஓடினால் எந்த சிந்தெடிக்கும் எஞ்சினைக் காப்பாற்றாது.

கடைசியாக ஒன்று. கழிவு ஒயிலை ஓடையிலோ பீலித்தண்ணிப் பக்கமோ ஊற்றாதீர்கள். நாம் குடிக்கும் தண்ணி அது. அடுப்பு எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கும். கானில் சேர்த்து வைத்து கராஜில் கொடுங்கள்.

வண்டி நம் உழைப்பில் வந்தது. ஒயில் வாங்கும்போது விளம்பரத்தைக் கேளாமல், போத்தலில் உள்ள எழுத்தை வாசித்து வாங்குவோம்.