பொதுச் சொத்தும் தேர்தல் மேடையும்

தேர்தல் காலம் வந்துவிட்டால், யாருக்கு வாக்களிப்பது என்பதே எங்கும் பேச்சு. அதற்கு முந்திய வினா ஒன்று உண்டு. வாக்குக் கேட்டு வருபவர் ஏறி வரும் வாகனம் யாருடையது? அவர் நின்று பேசும் மேடை யாருடைய பணத்தில் எழுந்தது? அது வரிப்பணமாயின், அவருக்கு எதிராக வாக்களிக்கும் ஏழைத் தொழிலாளியும் அவருடைய பிரசாரச் செலவைச் சுமக்கிறான். இது அநீதி என்பதை உணரப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரேபரேலி தொகுதியில் திருமதி இந்திரா காந்தி, ராஜ் நாராயணனை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். தோற்றவர் வழக்குத் தொடுத்தார். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா அத்தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். குற்றச்சாட்டுகள் பல, நிலைபெற்றவை இரண்டே. அரசு அலுவலர் யஷ்பால் கபூரைத் தேர்தல் பணிக்குப் பயன்படுத்தியது ஒன்று. மாநில அதிகாரிகளைக் கொண்டு மேடை அமைத்து, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் பெற்றது மற்றொன்று. அம்மாதமே நெருக்கடி நிலை வந்தது; தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது; நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் அவ்வெற்றியை நிலைநாட்டியது.

மேடையும் மின்சாரமும் அற்பம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஆளுவோருக்கு எளிதில் கிட்டுவது எதிர்ப்பவருக்குக் கிட்டுவதில்லை. அங்கேதான் போட்டியின் நேர்மை குலைகிறது. ஆகவேதான், வேட்பாளர் தம் வெற்றிக்காக அரசு ஊழியரின் உதவியைப் பெறுவதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(7) பிரிவு ஊழல் செயல் என்று குறிக்கிறது. 1960-இல் கேரளத்தில் தோன்றிய தேர்தல் நடத்தை விதிகளில், ஆளுங்கட்சிக்கென 1979-இல் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. அரசு வாகனம், விமானம், ஊழியர் ஆகியவற்றைக் கட்சிப் பணிக்குப் பயன்படுத்தலாகாது. பொது மைதானமும் அரசு விடுதியும் ஒரு கட்சிக்கே உரியவையாகா. பொதுச் செலவில் சாதனை விளம்பரம் கூடாது. தேர்தல் அறிவிக்கப்பட்டபின் புதிய நிதியுதவி வாக்குறுதியும் அடிக்கல் நாட்டலும் ஆகா என்று அது விதிக்கிறது.

சட்டம் மற்றவருக்கு மட்டும் என்று நாம் இருந்துவிடலாமா? நம் குடும்பங்களில் அரசு அலுவலர் பலர் உள்ளனர். அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ இருத்தல் தண்டனைக்குரியது. பங்கின் காரியமும் அவ்வாறே. 1988-ஆம் ஆண்டு சமய நிறுவனங்கள் முறைகேட்டுத் தடுப்புச் சட்டம், வழிபாட்டு இடத்தையும் அதன் நிதியையும் அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. கோவில் வளாகமும் ஒலிபெருக்கியும் காணிக்கையும் இறைமக்கள் அனைவருக்கும் உரியவை. அவற்றை ஒரு கொடிக்கு அளித்தால், மறு கொடி பிடிக்கும் சகோதரன் தன் சொந்த ஆலயத்திலேயே அந்நியனாகிவிடுவான்.

நிறுவனத்தின் பொது உடைமையைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துவது ஏழாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. களவு என்றால் அயலான் பணப்பையைத் தொடுவது மட்டுமே என்று நம் பிள்ளைகள் எண்ணி வளரலாகாது. அலுவலகத் தாளில் வீட்டுக் கணக்கு எழுதாத தந்தையும், சங்கப் பணத்தைக் கைமாற்றாகக்கூட எடுக்காத தாயும் இதைக் கற்பிக்கும் முதல் ஆசிரியர்கள். அத்தகைய இல்லத்தில் வளர்ந்தவன் நாளை பதவி ஏற்றால், அரசு வாகனத்தில் கட்சிக் கூட்டத்துக்குச் செல்ல அவன் மனச்சான்றே இடம் கொடாது.

செசாருக்குரியதைச் செசாருக்குச் செலுத்தச் சொன்னார் நம் ஆண்டவர். இன்று அவ்வாறு செலுத்தும் வரி மக்களின் பொது நலனுக்கே உரியது. வாக்குக் கேட்டு வருவோரிடம் அதன் கணக்கை அமைதியாகவும் அச்சமின்றியும் கேட்போம். நம் கையிலுள்ள பொதுப் பொருளுக்கும் அதே கணக்கை ஒப்புவிப்போம்.