வாயுப் பிடிப்பு என்று போகும் நேரம்

"வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." மாரடைப்பு வந்த எத்தனையோ பேருக்கு முதல் ஒரு மணி நேரம் இந்தப் பேச்சிலேயே கரைந்துவிடுகிறது. போவது நேரம் மட்டுமல்ல, தசை.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்தால், ஒரு நிமிடம் ஆவதற்குள் அந்தப் பகுதி துடிப்பை நிறுத்துகிறது. ஆனால் செல்கள் இன்னும் சாகவில்லை. ஆக்சிஜன் இல்லாததால் ஆற்றல் வற்றுகிறது. சோடியத்தை வெளியே தள்ள முடியாமல் தண்ணீர் புகுந்து செல் வீங்குகிறது. இந்தக் கட்டம்வரை மீட்கலாம். 20, 30 நிமிடங்கள் தாண்டியதும் செல்லின் உறை கிழிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதன்பிறகு ரத்தம் வந்தாலும் அந்தச் செல் பிழைக்காது. நெக்ரோசிஸ் என்பது இதுதான்.

உடலில் செல்கள் தினமும் சாகின்றன. 1972-ல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட சாவில், செல் தன்னைத்தானே துண்டாக்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தொல்லையின்றி அகன்றுவிடும். நெக்ரோசிஸில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது. வெள்ளணுக்கள் திரண்டு அழற்சி மூள்கிறது. கொட்டுவதில் ட்ரோபோனின் என்ற புரதமும் உண்டு. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துத் தேடுவது அதைத்தான். ரத்தத்தில் அது தெரியச் சில மணி நேரம் பிடிக்கலாம் என்பதால், முதல் சோதனையில் இல்லையென்றாலும் மறுபடி பார்க்கிறார்கள்.

இந்தச் சாவு ஒரே நொடியில் நடப்பதல்ல என்று 1977-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் ரைமரும் ஜென்னிங்ஸும். நாய்களின் இதயக் குழாயை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது, ரத்தமிழந்த பகுதியில் 38 சதவீதம் இறந்திருந்தது. 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. உள்ளடுக்கில் தொடங்கி வெளிப்புறமாகப் பரவியது. மனிதருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் போக்கு இதேதான். இறந்த இடத்தில் புதுத் தசை வளர்வது ஏறக்குறைய இல்லை, தழும்புதான் வருகிறது. தழும்பு சுருங்காது. பிழைத்தவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி போதும் சந்தேகப்பட. 108-ஐ அழைக்கத் தயங்கவே வேண்டாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் மருந்தில்லாமல் கழியக்கூடாது என்பதற்காக.