விளையாடியவரே முதலாளியானால்

எங்கள் பக்கத்தில் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் கேட்பவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கழகம் ஊருக்குச் சொந்தம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர் இருப்பார்கள். சந்தா சேர்ப்பார்கள். ஜேர்சிக்கு ஒரு கடை முதலாளி பொறுப்பெடுப்பார், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்று பந்துக்குக் காசு அனுப்பும். வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே சம்பளப் பாக்கியும் இல்லை.

தொழில்முறைக் கழகம் அப்படியல்ல. அது ஒரு கம்பனி. அதற்கு உரிமையாளர் உண்டு, மாதச் சம்பளம் உண்டு, வரவு செலவு உண்டு. பெரும்பாலும் உரிமையாளர் ஒரு வியாபாரியாகவே இருப்பார். பந்தைத் தொட்டறியாத இவருக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று ரசிகர்கள் குறைபடுவதும் வழமை. அப்படியானால் விளையாடியவரே உரிமையாளராக வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்கு நமக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் பைச்சுங் பூட்டியா.

பூட்டியா 1976இல் சிக்கிமின் தின்கிதாம் என்ற மலைக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே விளையாட்டுப் புலமைப்பரிசில் பெற்றுத் தலைநகர் காங்டொக்கில் படித்தார். 1993இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1999இல் இங்கிலாந்தின் பரி கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய இந்தியர்களில் அவருக்கு முன்னோடி, 1936இல் ஸ்கொட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலில் பந்தடித்த மொஹமட் சலீம். கொல்கத்தா மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பிள்ளை அவர். சலீமைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே பெயரையாவது சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பரியில் பூட்டியா கண்ட ஒரு விடயம் முக்கியமானது. அவர் அங்கிருந்த காலத்திலேயே அந்தக் கழகம் கடனில் விழுந்தது. 2002இல் அதன் நிர்வாகம் கடன்காரர்களுக்காக நியமிக்கப்பட்டவர்களின் கைக்குப் போனது. ஒரு கழகம் எப்படி நொடிந்துபோகும் என்பதை உடைமாற்றும் அறைக்குள் இருந்தே பார்த்தவர் அவர். பிறகு 2006இல் இந்திய உதைபந்தாட்ட வீரர்கள் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. வீரருக்குச் சம்பளம் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது இத்தகைய சங்கங்களின் முதற் கோரிக்கை.

இதே பூட்டியா 2011இல் தன் சொந்த மாநிலத்தில் யுனைட்டட் சிக்கிம் என்ற தொழில்முறைக் கழகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி முழுச் சிக்கிமிலும் ஆறு இலட்சம் பேர்தான். நமது மன்னார் மாவட்டத்தைப்போல் ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தொழிற்சாலைகளோ பெரும் வியாபார நிறுவனங்களோ அதிகமில்லாத இடம். ஆனால் உதைபந்தென்றால் உயிர். காங்டொக்கின் பால்ஜோர் அரங்கைச் சுற்றி மலைச்சரிவிலேயே வீடுகள். 2012இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, அன்று இந்தியாவின் மேல்மட்டப் போட்டியாக இருந்த ஐ-லீக்குக்குக் கழகம் ஏறியது. தொடங்கி ஓராண்டு சொச்சத்தில் இப்படி ஏறியது சாதாரண காரியமல்ல. பூட்டியாவும் அணியில் விளையாடினார், பயிற்றுவிப்புப் பொறுப்பையும் சில காலம் தோளில் போட்டுக்கொண்டார்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வர்த்தகப் பிரிவு மாணவிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு கழகத்துக்குப் பணம் வரும் வழிகள் நான்கு: நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, அனுசரணையாளர், வீரரை வேறு கழகத்துக்கு விற்பது. ஐ-லீக்கில் தொலைக்காட்சிப் பணம் கழகத்தைத் தாங்கும் அளவுக்கு இல்லை. இளைய கழகத்திடம் விற்பதற்கு வீரரும் இல்லை. மலைநாட்டு மக்களிடம் பெரிய சீட்டு விலை கேட்கவும் முடியாது. எஞ்சுவது அனுசரணையாளர் ஒருவர்தான். அவர் தயங்கினால் கழகம் தள்ளாடும்.

செலவோ ஏறியபடியே இருந்தது. அன்று சிக்கிமில் விமான நிலையம் கிடையாது. எதிரணிகளில் பல கோவாவிலும் கொல்கத்தாவிலும் இருந்தன. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் முழு அணியும் தீஸ்தா ஆற்றோரமாக, மழைக்காலத்தில் மண்சரியும் பாதையில், மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் இறங்கி வந்துதான் விமானம் ஏற வேண்டும். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ஒரு ஆட்டத்துக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு இதன் அலுப்பு புரியும்.

2012–13 பருவத்தில் பணம் தட்டுப்பட்டது. சம்பளம் பிந்தியது. வீரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 14 அணிகளில் கடைசியாக வந்து, ஏறிய வேகத்திலேயே கழகம் இறங்கியது. மீண்டும் மேல்மட்டத்துக்கு வரவேயில்லை. வீரர் சங்கத்தைத் தொடங்கியவரின் கழகத்திலேயே வீரருக்குச் சம்பளப் பாக்கி! இதைச் சொல்லிச் சிரிப்பது இலகு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நல்ல எண்ணம் அவரிடம் குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை, குறைவாக இருந்தது பணப்பெட்டி. ஆனால் வீட்டில் வாடகையும் பால்மாவும் பார்க்க வேண்டிய ஒரு வீரருக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

இதற்கு எதிர்ப்பக்கமாக இங்கிலாந்தின் டேவ் வீலனைச் சொல்லலாம். பிளக்பேர்ன் ரோவர்ஸ் அணிக்கு ஆடியவர், 1960ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கால் முறிந்தது. பின்னர் கடை வைத்தார், விளையாட்டுப் பொருள் விற்கும் பெரும் கடைத்தொடருக்கு முதலாளியானார். 1995இல் கீழ்ப்பிரிவில் கிடந்த விகன் அத்லெட்டிக்கை வாங்கினார். பத்தாண்டில் அது பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2013இல் மென்செஸ்டர் சிட்டியை 1–0 என வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. மூன்றே நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியதும் அதே விகன்தான். வீலனைத் தாங்கியது அவருடைய பழைய ஆட்டத்திறன் அல்ல, கடைக் காசு. 2018இல் அவர் கழகத்தை விற்றார். 2020இல் கழகம் கடனில் மூழ்கி நிர்வாகிகளின் கைக்குப் போனது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு பிரேசிலின் ரொனால்டோவையும் பார்க்கலாம். 2018இல் ஸ்பெயினின் ரியல் வல்லாடொலிட் கழகத்தில் 51 சதவீதத்தை 30 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார். அவருடைய காலத்தில் கழகம் மூன்று தடவை மேற்பிரிவிலிருந்து இறங்கியது, ரசிகர்கள் அவருக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள், 2025இல் விற்றுவிட்டுப் போனார். டேவிட் பெக்கமின் கதை வேறு. 2007இல் அமெரிக்காவுக்கு விளையாடப் போகும்போதே, பிற்காலத்தில் 25 மில்லியன் டொலருக்கு ஒரு அணி உரிமையை வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த வரியிலிருந்து பிறந்ததுதான் 2020இல் களமிறங்கிய இன்டர் மயாமி. மெஸ்ஸி வந்தது 2023இல்.

வாப்பாமார், உம்மாமாரிடம் ஒன்று. மகனுக்குக் காலில் திறமை இருந்து, எங்காவது ஒரு கழகம் ஒப்பந்தத்தோடு வந்தால், அதன் முதலாளி யார், எத்தனை கோல் அடித்தவர் என்று விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். சம்பளம் எந்தத் திகதியில் வரும், பிந்தினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று கேளுங்கள். வீட்டில் ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தக்கூடிய மகள் இருந்தால் அவளிடமே கொடுங்கள்.

பரி கழகம் 2019இல், தன் செலவைத் தாங்கப் பணம் இருப்பதைக் காட்ட முடியாமல், இங்கிலாந்து லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சிக்கிமுக்குப் பாக்யோங் விமான நிலையம் 2018 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அப்போது யுனைட்டட் சிக்கிம் ஐ-லீக்கிலிருந்து இறங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது.