பசை, பிசின், கோந்து

காகிதம் ஒட்டும் பொருளைக் கோந்து, பசை, பிசின் என ஜனங்கள் மூவகையாய் வழங்குவர். இவற்றுள் கோந்து என்பது, வடநாட்டுப் பாஷைகளில் மரப்பிசினைக் குறிக்கும் 'கோந்த்' என்னும் சொல்லின் திரிபாகும். ஏனைய இரண்டும் தமிழ்ச் சொற்கள். மாவைக் காய்ச்சிச் செய்வது பசை. மரத்தினின்று கசிவது பிசின். பசை என்பதற்கு ஈரம், அன்பு, செல்வம் என்னும் பொருள்களும் உண்டு. கையில் பொருளுடையவனைப் 'பசையுள்ள ஆசாமி' என்பது இதுபற்றியே.

அருப்புக்கோட்டை நெசவாளர் பாவுக்கு இடும் கஞ்சியும் மாவுப்பசையின் இனமே. அஃது இழைகள் அறாமற் காக்கின்றது.

பிசின் என்னும் பெயர் பல மரங்களுக்கும் பொது, குணமோ வேறு. திருச்சுழி வட்டாரக் கண்மாய்ப் பகுதிகளில் வளரும் நாட்டுக் கருவேலமரத்தின் பட்டை காயப்படின், அவ்விடத்தில் பிசின் கசிந்து உறையும். அது நீரிற் கரைந்து நன்கு ஒட்டும். முருங்கைப் பிசினோ பெரும்பாலும் கரையாமல் ஊதிப் பருத்து வழுவழுப்பாகும். ஆகையால் பிசின் வாங்கும் அங்கத்தினர்கள், விலை பேசுமுன் சில துண்டுகளை இரவில் நீரிலிட்டுக் காலையிற் பார்ப்பார்களாயின் கலப்பு வெளிப்படும். பிசினுக்காக மரத்தைச் சுற்றிலும் பட்டை உரித்தல் ஆகாது. உரித்தால் மரம் பட்டுப்போகும், மறு வருஷத்து வரும்படியும் அதனோடு போகும்.