தொப்பிப் பூனை சொல்ல வைத்த உண்மை

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிப் பக்கம். மடவை, இறால், நண்டு என்று ஏதாவது ஒன்று தினமும் அடுப்பில் ஏறும். அந்த வாசனைக்கே ஒரு சாம்பல் பூனை எங்கள் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது. கருவாடு காயப்போட்டால் நான் கையில் குச்சியோடு காவல் இருக்க வேண்டும். அவ்வளவு சேட்டை!

போன ஐப்பசியில் நல்ல மழை. எட்டு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டு நானும் மாமியாரும் ரேஷன் கடைக்குப் போயிருந்தோம். மூத்தவள் டியூஷனில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், அத்தையின் மண்சட்டி சுக்குநூறாகக் கிடந்தது. மீன் குழம்பு தரையெல்லாம் ஓட, பூனை அதை நக்கிக்கொண்டிருந்தது. "பூனைதாம்மா தள்ளிடுச்சு" என்றான் மகன். அத்தை அந்தச் சட்டியை இருபது வருஷமாக ஆண்டு வந்தவர். உட்கார்ந்து அழுதே விட்டார். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் பூனையைச் சாக்குப் பையில் கட்டி, பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து மகன் சரியாகச் சாப்பிடவில்லை. பூனையைக் காணாத ஏக்கம் என்று நினைத்தோம். அவனைத் தேற்றுவதற்காக அவர் சென்னை போனபோது, பழைய புத்தகக் கடையில் பூனைப் படம் போட்ட ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தார். பெயர், 'தி கேட் இன் தி ஹேட்'.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் என்றாலே எனக்குப் பயம். ஆனால் பிரித்தால், பக்கம் முழுக்கப் படம், நாலைந்து வரி எழுத்து. கேட், ஹேட், ஃபிஷ் என்று எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. ஒன்பதாவது படிக்கும் மகளும் நானும் எழுத்துக் கூட்டிப் படித்து, எங்கள் பேச்சில் கதையாகச் சொன்னோம்.

மழை நாள். அம்மா வெளியே போயிருக்கிறாள். வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீளத் தொப்பியோடு ஒரு பூனை உள்ளே வருகிறது. பந்தின் மேல் ஏறி நின்று, கையிலும் தலையிலும் குடை, கேக், புத்தகம், மீன் தொட்டி எல்லாவற்றையும் தூக்கி வித்தை காட்டிப் பொத்தென்று விழுகிறது. தொட்டியில் இருக்கும் மீன்தான், "அம்மா இல்லாத நேரத்தில் உனக்கு இங்கே என்ன வேலை? வெளியே போ" என்று திட்டுகிறது. இதைக் கேட்டு அத்தை, "மீனு பூனைக்குப் புத்தி சொல்லுதா? நம்ம ஊர்ல நடக்கிற கதையா இது!" என்று பல் தெரியச் சிரித்தார். பூனை கொண்டு வந்த பெட்டியிலிருந்து இரண்டு குட்டிப் பிசாசுகள் குதித்து, வீட்டுக்குள்ளேயே பட்டம் விடுகின்றன. பையன் வலை வீசி அதுகளைப் பிடிக்கிறான். "எங்க மாமா வலை மாதிரியா?" என்று என் மகனுக்கு அன்றுதான் வாய் திறந்தது.

இந்தப் புத்தகம் பிறந்த கதையை மகளின் டீச்சர் சொன்னாராம். அமெரிக்காவில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் சலிப்பாக இருப்பதால்தான் படிப்பு ஏறவில்லை என்று 1954-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதைப் பார்த்த ஒரு பதிப்பாளர், குறிப்பிட்ட சில எளிய சொற்களை வைத்தே பிள்ளைகள் கீழே வைக்க மனம் வராத கதை எழுதித் தரும்படி டாக்டர் சூஸ் என்பவரிடம் கேட்டார். 1957-ல் புத்தகம் வெளிவந்தது. கதை முழுக்க வேறு வேறு சொற்கள் என்று எண்ணினால் 236-தான். அவர் நிஜ டாக்டரும் இல்லை, அது புனைபெயர். 1991-ல் காலமாகிவிட்டார். அந்த 236 சொல்லால்தான் என் பயமும் பாதி போனது.

கடைசியில் அம்மா வருவதற்குள் பூனை ஒரு இயந்திரத்தைக் கொண்டு வந்து, எல்லாவற்றையும் இருந்தபடியே எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறது. "இன்னிக்கு என்ன செஞ்சீங்க?" என்று அம்மா கேட்கிறாள். அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா? 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று நம்மையே கேட்டுவிட்டுக் கதை முடிந்துவிடுகிறது. நீதி என்று எதுவுமே போடவில்லை.

மகன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அம்மா, சட்டியை நான்தான் உடைச்சேன். பந்து பட்டுடுச்சு" என்றான்.

பழக்க தோஷம், என் கை ஓங்கிவிட்டது. "அன்னிக்கே ஏண்டா சொல்லலை?" என்றேன்.

"சொன்னா இப்படித்தான் அடிப்பே."

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அத்தைதான் அவனை மடியில் இழுத்துக்கொண்டு, "சட்டி போனா பொன்னேரியில வாங்கிக்கலாம். வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போட்டுட்டோமே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் ஆயும் அருவாமணைக்குப் பக்கத்தில் நம்மாள் உட்கார்ந்திருந்தது. ஒரு சுற்று பெருத்திருந்தது! மகன் கூப்பிட்டதும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மீன் தலையில் வாயை வைத்துவிட்டது. "இது இப்ப எங்க பூனைக் கண்ணு, விட்டுடு" என்றார் மீன்கார அம்மா. மகன் அதன் தலையைத் தடவி, "ஸாரி" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கெட்டதை எல்லாம் பழையபடி ஆக்கும் இயந்திரம் நம் யார் வீட்டிலும் இல்லை, தோழிகளே. உடைந்தது உடைந்ததுதான். ஆனால் உடைந்ததைப் பிள்ளை தைரியமாக வந்து சொல்லும்படி நாம் இருக்கிறோமா? இப்போது எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: உண்மையைச் சொன்னால் அடி கிடையாது.

போன வாரம் கண்ணாடி டம்ளர் உடைந்த சத்தம் கேட்டது. நான் எழுவதற்குள் மகனே ஓடி வந்து நின்றான். "அம்மா, நான்தான். இந்தத் தடவை பூனை இல்லை!"

— ஒரு வாசகி, திருப்பாலைவனம்.