பெயரை எழுதிக் கொடுத்த நாட்கள்

பயப்படாதீர்கள் என்று மற்றவருக்குச் சொல்வது எளிது. வலிகாமம் வடக்கு மக்களிடம் அப்படிச் சொல்ல நமக்கு ஒருபோதும் வாய் வந்ததில்லை. 1990 யூனில் வெங்காயத்தையும் மரவள்ளியையும் செம்மண்ணிலேயே விட்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடியவர்கள் அவர்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்களிற் பலர் இரண்டாம் முறையாக மூட்டை கட்டினார்கள்.

2013 சித்திரையில் அவர்களுடைய ஊர்ப்பக்கத்து மரங்களில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளில் 6,381 ஏக்கர் காணி இராணுவத் தேவைக்குச் சுவீகரிக்கப்படும் என்றும், உரித்தாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்றும் அதில் இருந்தது. காணாமற்போனதாகச் சொல்லப்பட்ட அந்த உரித்தாளர்களிற் பலர் சில மைல் தொலைவில், மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் இருந்தார்கள். (குடும்ப அட்டையில் பெயர் உள்ளவரையே காணோம் என்றால் வேறு எங்கே தேடுவது?)

மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டத்தரணிகள் சொன்னார்கள். அதற்கு ஒவ்வொருவரும் தம் பெயரையும் காணியின் பெயரையும் எழுதிச் சத்தியக்கடதாசியிற் கையொப்பமிட வேண்டும். அங்கேதான் கை நடுங்கியது. இரவில் யார் படலையைத் தட்டுவார்கள்? மகனின் வேலைக்கு என்ன ஆகும்? நமக்கும் பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒரு முகாமில் எட்டுப் பரப்புக் காணிக்காரரான மூத்த கமக்காரர் ஒருவர் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. என்ன பயம் என்று மட்டும் கேட்டோம். அவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவரும் தன் பயத்தைச் சொன்னார். இருவருடையதும் ஒன்றாகவே இருந்தது. அப்போது அவருடைய மனைவி, "இஞ்சை கொண்டாங்கோ, என்ரை சீதனக் காணிக்கு நான் முதல் வைக்கிறன்" என்று தாளை இழுத்தார். பிறகு வரிசை நீண்டது. வலி வடக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு வழக்காளிகள் ஆனார்கள்.

வழக்குத்தான் காணியைத் திருப்பித் தந்தது என்று நாம் சொல்லமாட்டோம். 2015 தை மாத ஆட்சி மாற்றத்தின் பின்னரே வளலாய், வசாவிளான் பக்கங்களில் வேலிகள் பின்னகர்ந்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திறந்தது. இன்றும் எல்லாக் காணியும் வந்துவிடவில்லை. ஆனாலும் விடுவிப்பு என்ற பேச்சு வந்தபோது, தாம் யார், எந்தத் துண்டு தமது என்று எழுத்திற் சொல்லிவைத்த மக்கள் அங்கே இருந்தார்கள்.

திரும்பிப் போனபோது வேறொரு பயம் காத்திருந்தது: மிதிவெடி. இந்தப் பயத்தை விடவேண்டாம் என்றே நாம் கூட்டங்களிற் சொன்னோம். மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் காலை வைக்காதீர்கள். பற்றைக்குத் தீ வைக்காதீர்கள். தெரியாத இரும்பைத் தொடாமல், பிள்ளைகளையும் விடாமல், கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். முதல் நாள் தனியே போகாதீர்கள். வெடி அகற்றும் வேலையிற் பெண்களும் முழங்காலிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். பயம் இல்லாதவர் அந்த வேலைக்கு ஆகமாட்டார்.

அந்த மூத்தவரின் காணியும் துப்புரவு முடிந்து கைக்கு வந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். துலா இல்லை, பூவரச வேலி இல்லை. கிணற்றுக்குள் ஆலங்கன்று முளைத்திருந்தது. அயலவர் ஆறு பேர் சேர்ந்து இயந்திரம் வைத்துக் கிணற்றைக் கலக்கி இறைத்தார்கள். முதலில் கரிய சேறு, பிறகு தகரங்கள், பின்னேரமாகத் தெளிந்த ஊற்று. அவர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "உவர் ஏறேல்லை" என்றார்.