கால்பந்து ரசிகர்களும் பாரபட்சம் பற்றிய பாடமும்

குடிமையியலில் பாரபட்சம் பற்றிய பாடத்துக்குச் சாதி, நிறம், ஊர் என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு லிவர்பூல் ரசிகர்களையும் நான் சேர்த்துக்கொள்வதுண்டு. கால்பந்து என்றதும் கடைசி வரிசையும் காது கொடுக்கிறது.

இங்கிலாந்தின் துறைமுக நகரம் லிவர்பூல். அங்கே அணிப்பற்று தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவது. அதே நகரின் போட்டி அணி எவர்டன். ஒரே வீட்டில் அண்ணன் ஓர் அணி, தம்பி மற்றோர் அணி என்பதும் உண்டு.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கு அரையிறுதி ஆட்டம். வெளியே நெரிசல் கூடவே காவல்துறை ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த, கம்பிவேலி போட்ட பகுதிக்குள் கூட்டம் புகுந்தது. அன்று காயமுற்று 2021இல் இறந்தவரையும் சேர்த்து 97 பேர் பலியானார்கள். மிக இளையவனுக்கு வயது 10.

ரசிகர்களே வாயிலை உடைத்தார்கள் என்றார் பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி. நான்காம் நாள் 'தி சன்' நாளிதழ், 'உண்மை' என்ற தலைப்பில், இறந்தவர்களிடமே ரசிகர்கள் திருடியதாக எழுதியது. பலர் நம்பினார்கள். 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிர்த்தரப்பின் மீது பாய்ந்து, 39 பேர் இறந்திருந்தார்கள். அதையும் நான் வகுப்பில் மறைப்பதில்லை. அது தெரியாவிட்டால், இந்தப் பழி ஏன் அத்தனை எளிதாக ஒட்டிக்கொண்டது என்பது புரியாது. 'பி பிரிவா? அப்படித்தான் இருப்பான்' என்று ஆசிரியர் அறையில் சொல்லப்படுவதும் இந்த வகைதான்.

முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறே என்று நீதிபதி டெய்லரின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. காவலர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதைத் தனிக்குழு ஒன்று 2012இல் வெளிக்கொணர்ந்தது. ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று மரண விசாரணை நடுவர்கள் 2016இல் முடிவு சொன்னார்கள். 27 ஆண்டுகள்!

அதுவரை குடும்பங்கள் தனித்து நிற்கவில்லை. அடுத்த வாரமே இரு அணிகளின் கழுத்துத் துண்டுகளையும் முடிச்சிட்டு, ஒரு மைதானத்திலிருந்து மற்றதுவரை கட்டினார்கள். 'தி சன்' இதழை அந்நகரில் பலர் இன்றும் வாங்குவதில்லை. 2015 முதல் இரு அணி ரசிகர்களும் சேர்ந்து, ஆட்ட நாளில் மைதானத்துக்கு வெளியே ஏழைகளுக்கு உணவுப்பொருள் திரட்டுகிறார்கள்.

இதற்கு இரண்டு பாடவேளைகள் தேவை. முதல் வேளையில் அதிகாரி சொன்னதையும் நாளிதழ் எழுதியதையும் மட்டும் கொடுத்து, மாணவர்களின் கருத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அழிக்காதீர்கள். மற்றவற்றை மறுநாள் சொல்லலாம்.